பல்கலைக்கழகத்தில் இஸ்லாம் பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது?

மற்ற மதத்து மாணவர்கள் இஸ்லாத்தைப் புரிந்துகொள்ளவும் மனம்விட்டுப் பேசவும் பல்கலைக்கழகத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. இலங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் விடுதியில் இருந்தவன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், மத நல்லிணக்க விழாவை விட்டுவிடுங்கள். நாங்களும் ஒன்று நடத்தினோம். நாலு மதத்துப் பெரியவர்களும் வந்து எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்றார்கள், குத்துவிளக்கு ஏற்றினோம், ரோல்ஸும் பிளேன்டீயும் முடிந்ததும் கலைந்துவிட்டோம். விளக்கேற்றக் கூப்பிட்டபோது இரண்டு முஸ்லிம் பொடியன்கள் தயங்கி ஓரமாக நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையில் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டிய விசயமே அதுதான்.

எனக்கு ஏதாவது விளங்கியது என்றால் அது அறையில்தான். என் அறைத்தோழன் புத்தளத்து முஸ்லிம். நோன்பு மாதத்தில் விடிய முன்னமே சஹருக்கு எழும்பி, என் நித்திரை குழம்பக் கூடாது என்று லைட்டைப் போடாமல் போன் வெளிச்சத்தில் முந்தின இரவு வாங்கி வைத்த சோறும் பருப்பும் சாப்பிடுவான். ஒருநாள் முழிப்பு வந்து, "மச்சான், தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவன் வாழ்நாளில் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பானோ. சிரித்துவிட்டு, "எச்சில் விழுங்கலாம்" என்றான். அப்புறம் அவன் திருப்பிக் கேட்டான், கந்தசஷ்டிக்கு எங்கள் வீட்டில் எப்படி விரதம் என்று. ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருக்கிற ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு என்றதும் அவன்தான் வாயைப் பிளந்தான். ஒரு பக்கம் மட்டும் கேள்வி கேட்டு மற்றப் பக்கம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் அது நேர்முகத் தேர்வு மாதிரித்தான் இருக்கும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இது இன்னும் மோசமானது. "நீ இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று அவனைக் கேட்காத ஆள் இல்லை. குண்டு வைத்தவனை அவன் கண்டதும் இல்லை, ஆனால் காலையும் மாலையும் அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதை உரையாடல் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொன்று, "இஸ்லாம் என்ன சொல்கிறது?" என்று ஒரு ஆளைப் பிடித்துக் கேட்டு எழுதிக்கொள்ள முடியாது. எங்கள் அறைக்கு வரும் முஸ்லிம் நண்பர்கள் தங்களுக்குள்ளேயே, இறைநேசர்கள் நினைவாகக் கொடுக்கும் கந்தூரி விருந்து கூடுமா கூடாதா என்று இரவு ஒரு மணிவரை வாதாடுவார்கள், ஒருவன் ஊர் ஊராய்ப் போய்த் தொழுகைக்கு அழைக்கும் தப்லீக் ஜமாத்தோடு போகிறவன், ஒருவன் கந்தூரி மாதிரி வழக்கங்களை எதிர்க்கும் தவ்ஹீத் பக்கம், இன்னொருவனின் வாப்பா சூஃபி வழியில் போகும் தரீக்காக்காரர். முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்ற நினைப்பு எனக்கு அந்த ஒரு இரவிலேயே போய்விட்டது.

செய்யக்கூடியது என்று கேட்டால், சின்ன வேலைகள்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஒரு லேப் வகுப்பு விழுந்தது. முஸ்லிம் பிள்ளைகளோடு நாங்கள் நாலு பேர் குழு மாறிக்கொண்டோம், அவ்வளவுதான், ஆனால் ஜும்ஆ என்றால் என்ன, அதில் செய்யும் குத்பா பிரசங்கம் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்தச் சாட்டில் தெரிந்தது. தமிழ் படிக்கிறவர்கள் என்றால் கண்டியில் பிறந்த சித்திலெவ்வையைப் பற்றி ஒரு மாலை பேசலாம். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதியவர், இலங்கையின் முதல் தமிழ் நாவல் அது. அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழ் ஏடு ஒன்றைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து புரியாமல் முழித்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுவது நம் தமிழ் என்று தெரிகிற அந்த நிமிசம் நன்றாக இருக்கும்.

ஆனால் இது எல்லாம் இருந்தும் நான் தவறவிட்ட ஒன்று உண்டு. இரண்டாம் வருசம்தான் என் அறைத்தோழன் சொன்னான், "நானும் யாழ்ப்பாணம்தான்டா." பிறந்தது புத்தளத்தில், ஆனால் குடும்பம் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போகப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். அந்த மாதத்தில் வடக்கு முழுக்க எழுபதாயிரம் பேருக்கு மேல் விரட்டப்பட்டார்கள். எங்கள் இடப்பெயர்வுக் கதைகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை. அன்று இரவே அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ட கலியாணச் சட்டை தைச்சது சோனகத் தெரு டெய்லர்தான்" என்றார்.

அடுத்த விடுமுறைக்குப் புத்தளம் போனேன். அவனுடைய உம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார், "மகன், எங்கட ஒழுங்கை முகப்பில ஒரு வேப்ப மரம் நிண்டுது, இப்பவும் நிக்குதா?"

நான் அந்தத் தெருவுக்குள் ஒரு நாளும் போனதில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் உம்மா என்றேன்.