கத்தரியைத் தேடி வந்தவருக்கு ஒரு வாளி மணல்

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையில் சினிமாவுக்குக் கத்தரி போட ஆரம்பித்ததே தேசபக்திப் படங்களை ஒடுக்கத்தானே? அந்தக் கத்தரி இன்றும் தொடர்கிறதா? அப்படியே சென்னையின் முதல் தியேட்டர் எது என்பதையும் சொல்லிவிடுங்கள்.
— வாசகர் ஒருவர், ராயபுரம்

பதில்: கத்தரி என்றால் ராயபுரத்துக்காரருக்கு மே மாதம் அல்லவா ஞாபகம் வர வேண்டும்? அப்படி வந்திருந்தால் பாதி விடையை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். சென்சார் சட்டத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் அகப்படுவது சூடு. நெருப்புக்குப் பயந்து போட்ட சட்டத்தின் முதுகில் ஏறித்தான் கத்தரி ஊருக்குள் வந்தது.

அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சரக்கு அது. தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். மிஷினில் கார்பன் குச்சிகளின் வெளிச்சத்துக்கு முன்னால் அந்தச் சுருள் ஓடிக்கொண்டே இருக்கும்வரை வம்பில்லை. ஒரு பிரேம், மிஷினில் வெளிச்சம் விழும் ஜன்னலான 'கேட்'டில் சிக்கி நின்றதோ, ஓரிரு விநாடியில் நடுவில் பழுப்பு தட்டிக் கொப்பளித்துப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆபரேட்டர் அறைக்குத் தீப்பிடிக்காத சுவர், படம் விழும் ஓட்டைக்கு இரும்புப் பலகை, மூடி போட்ட தகர டப்பாவில் மற்ற ரீல்கள், பக்கத்தில் மணல் வாளி, ஈரக் கம்பளி. மணல் வாளி பற்றி எரிகிற ரீலை அணைக்க என்று நினைக்காதீர்கள். அது எரிந்து தீர்ந்தால்தான் உண்டு. சுற்றியிருக்கிற மரத்தையும் துணியையும் காப்பாற்றவே மணலும் கம்பளியும்.

இங்கிலாந்தில் 1909-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். கொட்டகைக்கு லைசென்ஸ் வேண்டும். தீப்பாதுகாப்பு இருந்தால்தான் லைசென்ஸ். அவ்வளவுதான் நோக்கம். லைசென்ஸ் கொடுக்கும் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை படம் ஓட்டாதே, இந்தப் படத்தைக் காட்டாதே என்று நகரசபைகள் நிபந்தனைகளைச் செருக ஆரம்பித்தன. 1911-ல் கோர்ட்டும் அது சரி என்றது. இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இந்திய சர்க்கார், 1918-ல் சினிமாட்டோகிராப் சட்டம் கொண்டுவந்தபோது சுற்றி வளைக்கவில்லை. கட்டடம் பத்திரமாக இருக்க வேண்டும், படத்துக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும் என இரண்டு நிபந்தனைகளையும் ஒரே லைசென்ஸில் கட்டிவிட்டது. மீறினால் 1000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் போகும். கொட்டகைக்காரர் அஞ்சியது கத்தரிக்கு அல்ல, அந்த லைசென்ஸ் காகிதத்துக்கு.

1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நான்கு ஊர்களில் சென்சார் போர்டு வைத்தார்கள். நான்கும் துறைமுகம் என்பதைக் கவனியுங்கள். படப்பெட்டி கப்பலில் வந்தது. இறங்கிய இடத்திலேயே பரிசோதனை. லாகூருக்குப் போர்டு 1927-ல்தான் வந்தது. பெரும்பாலான பெட்டிகள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இறங்கியதால் சென்னைப் போர்டுக்கு வேலை குறைவு. தலைவர் யார் என்கிறீர்கள்? போலீஸ் கமிஷனர். கொட்டகைக்கு லைசென்ஸ் விவகாரம், வாசலில் கூட்டம் அடக்கும் பொறுப்பு, உள்ளே ஓடும் படத்தின் ஒழுக்கம் எல்லாம் ஒரே தொப்பிக்குள்.

இனி வெட்டு எப்படி நடந்தது என்று பார்ப்போம். உறுப்பினர் கத்தரியோடு உட்கார்ந்து கச்சக் கச்சக்கென்று நறுக்கிக்கொண்டிருந்ததாக நமது வாசகர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். இன்ன ரீலில் இன்ன காட்சியை எடு என்று குறிப்பு வரும்; வெட்டுகிற வேலை படத்தின் சொந்தக்காரருடையது. வெட்டிய பிறகு இரு முனைகளையும் ஒட்ட வேண்டும். ஒரு முனையில் பிரேம் கோட்டை ஒட்டிய மெல்லிய பட்டையளவுக்கு மேல்பூச்சை ஈரப்படுத்திச் சவர பிளேடால் சுரண்ட வேண்டும். அடுத்த முனையின் அடிப்பக்க வழவழப்பையும் லேசாகத் தேய்க்க வேண்டும். தூரிகையால் ஒரே இழுப்பாக பிலிம் சிமெண்ட் தடவி, ஓரத்துளையும் ஓரத்துளையும் நேராக வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். துளை அரை மயிரிழை நகர்ந்தாலும் அந்த இடத்தில் படம் குதிக்கும். பூச்சைச் சரியாகச் சுரண்டாவிட்டால் ஒட்டு பிடிக்காது. சிமெண்ட் அதிகமானால் சுருள் விறைத்து வளையும், பல்சக்கரம் ஓரத்தைக் கிழித்துவிடும். குறைந்தாலோ, ஓடும்போது கேட்டுக்குள்ளேயே ஒட்டு பிரியும். பிரிந்தால் சுருள் நிற்கும். நின்றால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியாயிற்று. நெருப்பைத் தடுக்க வந்த சட்டம் படத்துக்குப் படம் ஒட்டுப் போட வைத்து, நெருப்பு பிடிக்க இடங்களையும் எண்ணிக்கொடுத்தது. இதைவிடத் துல்லியமாக சர்க்காரைக் கேலி செய்ய எந்த நகைச்சுவை எழுத்தாளராலும் முடியாது.

உண்மையான கத்தரி ஆபரேட்டரின் மணிக்கட்டில் இருந்தது. இதைச் சொன்னால் சினிமா சரித்திரக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அன்று மிஷினைக் கையால்தான் சுற்றினார்கள். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 பிரேம் நகரும். விநாடிக்கு இரண்டு சுற்று, 16 பிரேம். நிமிஷத்துக்கு 60 அடி. 6000 அடிப் படம் 100 நிமிஷம் ஓட வேண்டும். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் நெரிகிறது, முதலாளி கண்ணைக் காட்டுகிறார், கை கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. நிமிஷத்துக்கு 80 அடி போனால் படம் 75 நிமிஷத்தில் முடிந்துவிடும். சீதை ஓட்டமாக ஓடி அக்கினிப் பிரவேசம் செய்வாள், ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பாய்ந்து வருவார். ஒரு அடிகூட வெட்டாமல் கால்மணிக்கு மேல் காலி! போர்டு பார்த்துச் சான்றிதழ் கொடுத்த படமும் தரை டிக்கெட் பார்த்த படமும் ஒன்றே என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு ஆளும் இருந்தார். மௌனப் படத்தில் எழுத்துத் துண்டுகள் வருமே, இங்கிலீஷிலும் வேறு பாஷைகளிலுமாக. படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவற்றைத் தமிழிலோ தெலுங்கிலோ உரக்கச் சொல்ல ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நிற்பார். அமெரிக்கச் சண்டைப்பட நாயகன் எட்டி போலோ எதிரியின் தாடையில் விட்ட குத்துக்கு இவர் என்ன வியாக்கியானம் சொல்வார் என்று எந்தப் போர்டுக்குத் தெரியும்? சுருளுக்குத்தான் சான்றிதழ், அவர் வாய்க்கு இல்லை. பேசும் படம் வந்ததும் அந்த வாய் படத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது, சென்சாருக்கும் சௌகரியமாயிற்று. ஆனாலும் 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' காந்தியின் ராட்டினத்தைப் புகழும் பாட்டோடு வெளியாயிற்று. காளிதாசனுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அன்று யாரும் கேட்கவில்லை.

தேசபக்திக்கு வருகிறேன், கேள்வி கேட்டவர் பொறுமை இழப்பதற்குள். ஒடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1921-ல் பம்பாயில் எடுத்த 'பக்த விதுரர்' படத்தில் விதுரருக்குக் காந்தி குல்லா மாட்டிவிட்டார்கள், சென்னையில் தடை. சட்டத்தின் சூட்சுமம் இங்கே இருக்கிறது. ஒரு போர்டு கொடுத்த சான்றிதழ் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் எந்த மாகாணமும் தன் எல்லைக்குள் அதைச் செல்லாததாக்கலாம். சர்க்கார் உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நகரத்தில் போலீஸ் கமிஷனரும் ஜில்லாவில் மாஜிஸ்திரேட்டும் உடனே நிறுத்தி வைக்கலாம். கே. சுப்ரமண்யத்தின் 'தியாகபூமி' 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தபோது தாராளமாக ஓடியது. மந்திரிசபை ராஜினாமா செய்தது. அடுத்த ஆண்டு படத்துக்குத் தடை வந்தது. படம் அதேதான், ஒரு பிரேம் மாறவில்லை.

ஆனால் 1920களில் சர்க்காரின் தூக்கத்தைக் கெடுத்தது அதிகமும் அமெரிக்கப் படம்தான். வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டு உருளுவதையும், வெள்ளைக்காரிகள் முத்தம் கொடுப்பதையும் நாலணா பெஞ்சில் உட்கார்ந்து 'நேட்டிவ்' பார்க்கிறானே, நாளைக்கு நம்மை எப்படி மதிப்பான் என்ற கவலை. கூடவே அமெரிக்கப் படத்தை விரட்டி பிரிட்டிஷ் படத்தை விற்கலாமே என்ற வியாபார ஆசை. 1927-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் நம்மூர் வக்கீல் டி. ரங்காச்சாரியார். 353 சாட்சிகளை விசாரித்து 1928-ல் அறிக்கை கொடுத்தார். பிரிட்டிஷ் படத்துக்குத் தனிச் சலுகை தேவையில்லை, வளர்க்க வேண்டியது இந்தியப் படத் தொழிலை என்றது அறிக்கை. கேட்டது கிடைக்காவிட்டால் சர்க்கார் என்ன செய்யும்? அலமாரியில் வைத்துப் பூட்டிற்று. ரங்காச்சாரியாருக்கு இந்த ஊரில் சினிமா சம்பந்தமாக ஒரு தெருவின் பெயராவது உண்டா என்று கேட்டு அலுத்துவிட்டேன்.

முதல் தியேட்டர் எது? வேண்டாம் என்று நினைத்தேன், கேட்டுவிட்டீர்கள். இந்தப் பக்கத்தில் இந்தச் சண்டை எத்தனையோ முறை நடந்துவிட்டது. எலெக்ட்ரிக் தியேட்டர் கட்சி, லிரிக் தியேட்டர் கட்சி, ரகுபதி வெங்கையா 1914-ல் கட்டிய கெயிட்டி கட்சி. விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதற்கெல்லாம் முன்பே படம் காட்டினார்களே என்று நாலாவதாக ஒருவர் எழுந்திருப்பார். தனிக் கட்டடமா, வாடகை ஹாலா, கூடாரமா, முதலாளி வெள்ளையரா நம்மவரா என்று கேட்காமல் 'முதல்' என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. நடராஜ முதலியார் மில்லர்ஸ் ரோட்டில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசகவத'த்துக்கே ஒரு புத்தகம் 1916 என்கிறது, ஒன்று 1917, ஒன்று 1918. மூன்று கோஷ்டியும் நூற்றாண்டு விழா கொண்டாடி, மூன்று தடவை பொன்னாடை போர்த்தித் திருப்தி அடையட்டும். எலெக்ட்ரிக் கட்சிக்கு மட்டும் ஒரு சாதகம் உண்டு: கட்டடம் நிற்கிறது, அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில், தபால்தலைப் பிரிவாக. தபால் இலாகா வாங்கிப்போட்டதால் தப்பித்தது. சினிமாக்காரர்கள் கையிலேயே இருந்திருந்தால் இந்நேரம் வணிக வளாகமாகியிருக்கும்.

கத்தரி தொடர்கிறதா என்பதற்குச் சுருக்கமாக: அரசியல் சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. படத்துக்குச் சான்றிதழ் தருவது மத்திய அரசு. கொட்டகை மாநில அரசின் கையில், 1955-ம் ஆண்டுச் சட்டப்படி. நைட்ரேட் சுருள் 1950களின் தொடக்கத்திலேயே ஒழிந்தது, இப்போது சுருளே இல்லை. ஆனால் சென்னையில் தியேட்டர் நடத்துகிறவர் படம் காட்ட அனுமதிக்கும் 'சி' படிவ லைசென்ஸுக்கு இன்றும் போய் நிற்க வேண்டிய இடம் போலீஸ் கமிஷனர் அலுவலகம்தான்.