கள்ளிச்செடி பூ வாடவே மாட்டேங்குது, ஏமாந்துட்டேனா?

கேள்வி: ஆன்லைன்ல "பூத்த காக்டஸ்"னு போட்டிருந்தத வாங்குனேன். உச்சில மஞ்சப்பூ, மாசக்கணக்கா அப்படியே இருக்கு, தண்ணி பட்டா மூடிக்குது காஞ்சா விரியுது, அப்ப உயிர் இருக்குன்னு தானே அர்த்தம்? அடுத்து அந்த சிவப்பு உருண்டை வெச்ச காக்டஸ் வாங்கலாம்னு இருக்கேன், அதுவும் டூப்பா?

பதில்: செடிக்கு உயிர் இருக்கும், பூவுக்கு இல்லைங்க. அது ஸ்ட்ராஃப்ளவர்ங்கற காஞ்ச பூ, ஹாட் க்ளூ வெச்சு ஒட்டியிருப்பாங்க. ஈரத்துல மூடி காஞ்சா விரியறது செத்த பூவுலயும் நடக்கும், அத நம்பித்தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. நிஜக் கள்ளிப்பூ பெரும்பாலும் சில நாள்ல வாடிடும், சிலது ஒரே ராத்திரிதான். முள்ளு கெளம்புற பஞ்சுப் புள்ளிலேர்ந்தோ குமிழுங்களுக்கு நடுவுலேர்ந்தோ தான் அது வரும், முள்ளை நசுக்கிட்டு மேல உக்காந்திருந்தா ஒட்டுனதுதான்.

வெடுக்குனு பிடுங்காதீங்க, தோல் கிழிஞ்சா அங்கேர்ந்து அழுகும். பூவ கத்திரில வெட்டிட்டு பசைய மெதுவா நெம்பி எடுங்க, காயம் காயுற வரைக்கும் தண்ணி வேண்டாம். தொட்டில கல்லயும் சேர்த்து ஒட்டியிருந்தா அதையும் பேத்துடுங்க, மண்ணு காயாம வேர் போயிடும். "பூத்த"னு எழுதி வித்ததால போட்டோவோட ரீஃபண்ட் கேக்கறது நியாயம்தான், வெக்கப்படாம கேளுங்க.

சிவப்பு உருண்டை டூப் இல்ல, நிறம் நிஜம், ஆனா அது ரெண்டு செடி. மேல இருக்கறதுல பச்சையமே இல்ல, தனியா நட்டா பட்டினில செத்துடும், அதனால டிராகன் ஃப்ரூட் வகைக் கள்ளித் தண்டு மேல ஒட்டுக் கட்டி வளர்க்கறாங்க, கீழ இருக்கறது சமைச்சுப் போடுது மேல இருக்கறது சாப்பிடுது. ரெண்டும் வளர்ற வேகம் வேற, அதனால பெரும்பாலும் சில வருஷத்துல ஒட்டு விட்டுடும், விக்கிறவங்க இத மட்டும் வாயத் தொறந்து சொல்றதே இல்ல. அழகுக்கு வாங்குறதுன்னா வாங்குங்க, காலத்துக்கும் இருக்கும்னு அதிக காசு குடுக்காதீங்க. வாங்கறப்ப உருண்டைய பாக்காம அடித்தண்டை பாருங்க, கெட்டியா பச்சையா இருக்கணும், மஞ்சளாவோ கொழகொழன்னோ இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க, ஒட்டுன எடத்துல வெள்ளையா மாவுப்பூச்சி இருக்கானும் பாருங்க. முள்ளு மேலயும் சேர்த்து நீலம் ரோஸ்னு அப்பியிருந்தா அது சுத்தமா பெயிண்ட், வெளிச்சம் உள்ள போகாது, அதத் தொடவே வேண்டாம்.