தும்பு ஆலைக் கழிவில் உரத் தொழில்: கிணற்றை மறக்காதீர்கள்

கேள்வி: குமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் எங்கள் தும்பு (தேங்காய் நார்) ஆலைக்குப் பின்னால் நார்க்கழிவு மலைபோல் கிடக்கிறது. அதை உரமாக்கி விற்பது பசுமைத் தொழில் என்கிறார்கள். நிலைத்த வளர்ச்சிக்கு அது உண்மையில் உதவுமா? எப்படித் தொடங்குவது?

பதில்: உதவும். ஆனால் விற்கும் சரக்கு இயற்கையானது என்பதால் மட்டும் தொழில் பசுமையாகிவிடாது. நிலைத்த வளர்ச்சி என்றால் இன்றைய தேவைக்காக நாளை வருகிறவர்களின் தேவையைக் கெடுக்கக் கூடாது என்று 1987-ல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் குழு வரையறுத்தது. உங்கள் விஷயத்தில் அது பக்கத்து வீட்டுக் கிணறுதான். மழையில் நனைந்த குவியலிலிருந்து இறங்கும் காப்பி நிறத் தண்ணீரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு; அது கிணற்றில் கசிந்தால் தண்ணீர் கெடும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். அதனால் கூரையும் சிமென்ட் தரையும் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது உப்பு. காயல் தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பையின் (தேங்காய் மட்டையின்) கழிவில் உப்பு தங்கியிருக்கும். மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்த்துவிடுங்கள். கழுவ வேண்டியிருந்தால் மழைநீரைச் சேமித்துக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரை ஓடையில் விடாமல் தொட்டியில் பிடியுங்கள்.

மக்காத பச்சைக் கழிவை அப்படியே வயலில் போடக் கூடாது. அதில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் சுமார் 112:1. நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக முறையில் 1 டன் கழிவுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் போதும். நிழலில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோவைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, 1 கிலோ யூரியா. இப்படியே மாறி மாறி 10 அடுக்கு. ஈரம் 60 சதவீதம் இருக்கட்டும்: கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் கசியலாம், ஒழுகக் கூடாது. காய்ந்தால் காளான் இழை படராது. தண்ணீர் கூடினால் காற்றோட்டமின்றி நாறும். இரண்டு மாதத்தில் கறுத்து, மண்வாசனை வந்தால் தயார். விகிதம் 24:1 அளவுக்கு இறங்கியிருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: யூரியா போட்டதை அங்கக உரம் என்று விற்க முடியாது. அந்தச் சந்தை வேண்டுமென்றால் சாணமும் பசுந்தழையும் சேருங்கள், நாள் கூடும்.

முதல் ஆண்டு சுற்றுவட்டார வாழைத் தோட்டங்களுக்கும் நாற்றங்காலுக்கும் மட்டும் கொடுங்கள். எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்கு இது. தூரம் போனால் லாபமும் டீசலில் போய்விடும். நார்க்கழிவை அழுத்திச் செய்யும் ஏற்றுமதிக் கட்டிகளுக்கு உப்பு போகக் கழுவ நிறையத் தண்ணீர் செலவாகும், அதற்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம்.