பழைய மனுவில் வரும் ‘பிசீச்’

வணக்கம். மஸ்கெலியாவில் உங்கள் தாத்தா, லயத்துக் காம்பராவின் கூரைத்தகரத்தை மாற்றித் தரும்படி தோட்டத்துத் துரைக்கு எழுதுவித்த ஆங்கில மனுவிலுள்ள ‘பிசீச்’ என்ற வினையைக் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று மொழிபெயர்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. சாதாரணமாகக் கேட்பதையல்ல, மனமுருகி வேண்டுவதையே அது குறிக்கும். ஆகவே ‘மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுங்கள். ‘தேடு’ என்று பொருள்படும் ‘சீக்’ என்பதிலிருந்து பிறந்த சொல் என்பதால், அது இறந்தகாலத்தில் ‘சோட்’ ஆவதுபோல இதுவும் ‘பிசோட்’ ஆகும். இரண்டாம் பக்கத்தில் உங்களைக் குழப்பியது அதுதான், வேறு வினையன்று. ‘பிசீச்ட்’ என்றும் எழுதுவார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய செபங்களில் அடிக்கடி வரும் இச்சொல், இன்றைய பேச்சில் அரிது. ‘காலில் விழுகிறேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூலத்தில் அவ்வளவு தாழ்ச்சி இல்லை.