மேப்பிள் சிரப்பும் நீரிழிவுள்ள மாமியாரும்

அன்புத் தங்கைக்கு,

கணவரின் வேலைக்காக அடுத்த மாதம் மலேசியாவின் பினாங்குக்குக் குடிவரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றோடு, நீரிழிவுள்ள மாமியாருக்குச் சீனிக்குப் பதிலாக மேப்பிள் சிரப் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளியும் நீங்கள் வந்து பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. மாமியார் விஷயத்தை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மேப்பிள் மரத்தின் இனிப்பு நீரைக் காய்ச்சித்தான் அந்தச் சிரப்பை எடுக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 40 லிட்டர் மரநீர் வேண்டும். உடன்குடிப் பக்கத்தில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீர் வற்ற வற்ற எஞ்சுவது சர்க்கரைதான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிராம் மேப்பிள் சிரப்பில் சுமார் 60 கிராம் சர்க்கரை உள்ளது. அதில் பெரும்பகுதி நம் வீட்டுச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். மாங்கனீசு என்ற தாதுவும் ரைபோபிளேவின் என்ற வைட்டமினும் அதில் இருப்பது உண்மை. ஆனால் முழுத்தானியத்திலும் பாலிலும் கிடைக்கும் அவற்றுக்காக நீரிழிவு உள்ளவர் சர்க்கரையை விழுங்க வேண்டுமா? உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு சீனிக்கு 65 என்றால் இதற்கு 54 என்ற அளவில் இருக்கிறது. அந்தச் சிறு வேறுபாட்டை நம்பிக் கரண்டியைக் கூட்டுபவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனையும் இத்தகைய சிரப்புகளையும் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலானது என்கிறது. இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப்பிலேயே அந்த அளவு ஏறத்தாழ முடிந்துவிடும். மேலும், பேரங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் 'பேன்கேக் சிரப்' பெரும்பாலும் சோளச் சிரப்பில் மணமும் நிறமும் சேர்த்தது. புட்டியின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்து கொண்டோமினியங்களில் குடியேறும் நம்மவர்கள் மீது எனக்கு மனக்குறை உண்டு. காலையில் ஓட்ஸ் கஞ்சியில் விலையுயர்ந்த மேப்பிள் சிரப்பை ஊற்றிவிட்டு, மாலையில் மாமாக் கடையில், அதாவது இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவகத்தில், இனிப்பான கெட்டிப்பால் கலந்த 'தே தாரிக்' என்னும் ஆற்றிய தேநீரை இரண்டு குவளை குடிக்கிறார்கள். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் நீரிழிவு மிகுதி என்பதை அவர்கள் காதில் வாங்குவதே இல்லை. நான் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், கேட்டு வாங்கப் பழகிக்கொண்டேன். தொடக்கத்தில் கசந்த நாக்கு சில மாதங்களில் தேயிலையின் சுவையைக் கண்டுகொண்டது.

நான் வந்த புதிதில் பட்டர்வொர்த்தில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஊர் பேர் தெரியாத எனக்குச் சோறு போட்ட வீட்டுக்காரப் பாட்டிக்கும் நீரிழிவு இருந்தது. மரத்திலிருந்து வருவது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையில், சீனியை அறவே ஒதுக்கிவிட்டு, குலா மலாக்கா என்னும் இங்குள்ள பனைவகை வெல்லத்தைக் கஞ்சியிலும் தேநீரிலும் அளவில்லாமல் கரைத்துக் குடிப்பார். கடைசி ஆண்டுகளில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டார். சில நாட்கள் நானே உடன் சென்றிருக்கிறேன். அவருடைய சிறுநீரகம் கெட்டதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கை அவரைக் கவலையின்றி இருக்கச் செய்தது.

உங்கள் மாமியார் இனிப்பின்றி இருக்கவே முடியாது என்றால், வழக்கமான இனிப்பையே ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல், அதையும் அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள்; இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை இங்குள்ள மருத்துவரிடம் காட்டும் வரை மேப்பிள் சிரப் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.