குளிர்கால இத்தாலி: ஏரிக்கரையா, வெரோனாவா?

கேள்வி: திருமணத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி ஜனவரி கடைசி வாரத்தில் நானும் மனைவியும் எட்டு இரவுகள் இத்தாலியில் தங்கத் திட்டமிட்டுள்ளோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையாமல், ஒரே ஊரில் தங்கி மற்ற இடங்களுக்குப் போய்வர விரும்புகிறோம். கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோதான் தம்பதியருக்கு ஏற்றது என்று கூறும் எங்கள் முகவர், முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். பெல்லாஜியோவின் அழகில் குறையேதும் இல்லை; ஆனால் அது கோடையில் மட்டும் விழித்திருக்கும் ஊர். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. எதிர்க்கரையிலுள்ள வரேன்னாவில் இறங்கிப் படகேற வேண்டும், அந்தப் படகுகளும் குளிர்காலத்தில் எண்ணிக்கையில் குறைந்துவிடும். மாலை ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடும் ஜனவரியில், திறந்திருக்கும் ஒரே கடையைத் தேடி ஈரப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவதில் காதலுக்கு என்ன இடம்? தெற்கு இத்தாலியின் கடலோர ஊரான பொசித்தானோவும் இந்த வகைதான்.

குளிர்காலத்தில் தங்கும் ஊருக்கு நான் வைத்திருக்கும் சோதனைகள் இரண்டு. சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் அந்த ஊரின் கடைகள் திறக்குமா? அதன் ரயில் நிலையம் முக்கியத் தடத்தில் இருக்கிறதா? இரண்டிலும் தேறும் ஊர் வெரோனா. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வாழும் நகரம் என்பதால், யார் வந்தாலும் வராவிட்டாலும் அதன் அன்றாடம் நடந்துகொண்டேயிருக்கும். மிலானையும் வெனிஸையும் இணைக்கும் தடத்திலேயே அதன் போர்த்தா நுவோவா நிலையம் இருக்கிறது. வெனிஸ் விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், மாந்துவா முக்கால் மணி நேரம். மாந்துவாவின் அரண்மனையில் ‘மணமக்கள் அறை’ என்று பெயர் பெற்ற ஓவியக் கூடம் உண்டு. ஓவியர் மாந்தேன்யா 1474-இல் முடித்தது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அரண்மனைக்கு அன்று விடுமுறை.

மாலையில் பியெத்ரா பாலத்தைக் கடந்து, இழுவை ரயிலில் சான் பியெத்ரோ கோட்டைக் குன்றின் மேல் ஏறினால், அதிஜே ஆறு வளைத்துக்கொண்டிருக்கும் கூரைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்க்கலாம். ஜூலியட்டின் பால்கனியைப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள். அது 20ஆம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டது. ஆனால் ‘அரேனாவில் ஓபரா’ என்று சேர்த்துப் பணம் கேட்கும் திட்டத்தைக் கண்டால் உடனே விலகிவிடுங்கள். அந்த ரோமானியத் திறந்தவெளி அரங்கில் ஓபரா விழா கோடையில்தான் நடக்கும். குளிர்காலத்தில் ஓபரா வேண்டுவோர் ஃபிலார்மோனிகோ அரங்குக்குச் செல்ல வேண்டும். தங்குவதற்கு வாடகை வீட்டைவிட விடுதியே நல்லது; பொது வெப்பமூட்டி உள்ள பழைய அடுக்ககங்களில் நாளுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று சட்டமே வரம்பு வைத்திருப்பதால், விடியற்காலையில் நடுங்க நேரிடலாம்.

ஒரே ஊர் என்ற உங்கள் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது வெனிஸ். எட்டு இரவுகளில் இரண்டை அங்கே கழியுங்கள். ஜனவரி 6ஆம் தேதிப் பண்டிகை முடிந்தபின் கார்னிவல் என்னும் முகமூடித் திருவிழா தொடங்கும்வரை, ஆண்டிலேயே வெனிஸில் கூட்டமும் வாடகையும் குறைந்திருக்கும் நாட்கள் அவை. பகலில் வந்தவர்கள் மாலை ரயிலில் திரும்பிய பிறகு, பனிமூட்டத்தில் உங்கள் காலடி ஓசையே சந்து முழுக்கக் கேட்கும். பகலில் மட்டும் வந்துபோனால் இது கிடைக்காது. கார்னிவல் தேதி ஆண்டுதோறும் மாறும், சில ஆண்டுகளில் ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிடும். ஆகவே முன்பதிவுக்கு முன் அதைச் சரிபாருங்கள். வெள்ளத்துக்கும் அஞ்ச வேண்டாம். 2020 முதல் பெரிய ஓதங்களைக் கடல் தடுப்புக் கதவுகள் மறிக்கின்றன. தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் மட்டும் எப்போதாவது தண்ணீர் தேங்கலாம்.

வெனிஸ் விடுதி என்று முகவர் காட்டுவது உண்மையில் வெனிஸா என்பதையும் பாருங்கள். நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயும் அதே மாநகராட்சிதான் என்பதால், முகவரியில் ‘வெனேசியா’ என்றே எழுதியிருக்கும். நான் அறிந்த ஒரு தம்பதி, சன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும் என்று நம்பிப் போய்ப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார்கள். ‘வெனிஸ்’ என்றுதானே சொன்னேன் என்பார் முகவர், பொய்யும் இல்லை.

ரயில் சீட்டுகளின் நுணுக்கங்களுக்குள் உங்களை இழுக்கப் போவதில்லை: விரைவு ரயிலுக்கு முன்கூட்டியே வாங்குங்கள், வட்டார ரயிலுக்கு அன்றே வாங்கினாலும் அதே விலைதான். வேலைநிறுத்தம் அந்நாட்டில் மழையைப் போல வந்துபோகும். அப்போதும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு, அதற்குள் திரும்பிவிடுங்கள்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்கிறது விதி. அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் விண்ணப்பதாரர் தவிக்கும்போது, அதையே கூடுதல் பணத்துக்கு ‘எடுத்துத் தருகிறேன்’ என்று சிலர் கடை விரித்திருப்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அவர்களிடம் போகாமல் இன்றே தேதி பார்க்கத் தொடங்குங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள். இதற்குப் பிறகும் பெல்லாஜியோதான் என்று முகவர் வற்புறுத்தினால், ஜனவரி கடைசி வாரத்தில் திறந்திருப்போம் என்று அந்த விடுதியிடமிருந்தே மின்னஞ்சல் வாங்கிக் காட்டச் சொல்லுங்கள்.