டூலா ஆக என்ன படித்தீர்கள்? நர்ஸ் படிப்பு இல்லாமல் இந்த வேலைக்கு வரலாமா?

டூலா என்றால் பிரசவ நேரத்தில் தாயின் கூடவே இருக்கும் துணைப்பெண். என் வேலை அது. கேள்வி கேட்ட சகோதரி ஈரோட்டுக்காரர். பி.எஸ்சி. படித்திருக்கிறார், இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது. "நர்ஸுக்குப் படிக்காம பிரசவ ரூம்ல உனக்கென்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். நான் பி.காம். படித்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அதனால் தாராளமாகச் சொல்கிறேன், வரலாம்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்னதுதான் பதில். எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். அமுச்சிக்கு ஐந்து பிரசவமும் வீட்டில்தான். "மருத்துவச்சி முன்னால இருந்து புள்ளையப் பாத்துக்குவா. எங்க பெரியாத்தா பின்னால உக்காந்து முதுகத் தாங்கிப் புடிச்சுக்குவாங்க. விடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க சாமி" என்பார். முன்னால் இருந்தவர் வேலையை இன்று டாக்டரும் நர்ஸும் செய்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியாத்தாவின் இடம்தான் டூலாவின் இடம். உள்பரிசோதனை செய்ய மாட்டோம், பி.பி. பார்க்க மாட்டோம், மருந்து கொடுக்க மாட்டோம், குழந்தையை எடுக்க மாட்டோம். வலி எடுத்ததிலிருந்து குழந்தை மார்பில் பால் குடிக்கும் வரை கூடவே இருப்போம். கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று பொருள்படும் இந்தச் சொல்லை 1970-களில் டானா ரபேல் என்ற மானிடவியலாளர் தாய்க்குத் துணையிருக்கும் பெண் என்ற அர்த்தத்தில் எழுதினார்.

இதைச் சொன்னதும் வீட்டுப் பிரசவத்துக்கு ஆதரவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமுச்சியின் ஐந்து பிள்ளைகளில் இரண்டு தங்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. அது பெரிய விஷயம். அந்த மாற்றத்தில் பெரியாத்தா மட்டும் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

என் முதல் பிரசவம் 2011-ல். பதினான்கு மணி நேரம். அம்மாவும் அமுச்சியும் வெளியே பெஞ்சில். உள்ளே வலியைக் கூட்ட டிரிப் ஏற்றினார்கள், அது எதற்கென்று எனக்குத் தெரியாது. கீழே கத்தி வைத்ததே தையல் போடும்போதுதான் புரிந்தது. மருத்துவமாக எந்தக் குறையும் இல்லை, மகள் நன்றாகப் பிறந்தாள். ஆனால் அந்த இரவில் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் தரை துடைக்க வந்த ஆயா ஒருவர்தான். டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் என் கையைப் பிடித்திருந்தார். "கண்ணு, மூச்ச விடு, புடிச்சு வெக்காதே" என்றார். அவர் போனபிறகு வலி இரண்டு மடங்கானது போல் இருந்தது. ஒரு கை அவ்வளவு செய்யுமா என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

செய்யும் என்று பிறகு படித்தேன். குவாத்தமாலாவில் நடந்து 1980-ல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு பெண் கூட இருந்ததற்கே பிரசவ நேரம் குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு 26 ஆய்வுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்தது: விடாமல் ஒருவர் துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி மருந்து குறைகிறது, பிரசவத்தைக் கசப்பாக நினைவு வைப்பவர்களும் குறைகிறார்கள். பெண் விரும்பும் துணையை அனுமதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. இங்கே அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் நடைமுறை இருக்கிறது. தனியாரில் இடத்துக்கு இடம் மாறும், ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, பயிற்சி. நான் சேர்ந்தது டோனா இன்டர்நேஷனல் முறைப்படியான வகுப்பு. 1992-ல் தொடங்கிய, டூலாக்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு அது. 16 மணி நேர வகுப்பு, பிரசவ வகுப்பு ஒன்று, தாய்ப்பால் வகுப்பு ஒன்று, படிக்க வேண்டிய புத்தகங்கள், அப்புறம் மூன்று பிரசவங்களில் உடனிருந்து எழுதும் அறிக்கை. இடுப்பெலும்பு எப்படி நெகிழ்கிறது, எந்த நிலையில் உட்கார்ந்தால் குழந்தை இறங்க வசதி, வலி எழும்போது இடுப்பின் இருபுறமும் உள்ளங்கையால் எப்படி அழுத்துவது, டாக்டரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, இவ்வளவும் வகுப்பில் வந்துவிடும்.

வகுப்பில் வராதது வாயை மூடிக்கொண்டு இருப்பது. முதல் பிரசவத்தில் நான் ஓயாமல் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மணி நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே, "அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க. கைய மட்டும் எடுக்காதீங்க" என்றாள். மூன்றாவது பிரசவம் சிசேரியனில் முடிந்தது. தியேட்டருக்கு வெளியே நின்று நான் அழுதேன். அது என் தப்பான அழுகை. அவளுக்கு அந்த அறுவை தேவைப்பட்டது, அவளே ஒப்புக்கொண்டு போனாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. இந்த எண்கள் எனக்குக் கோபம் தருகின்றன. ஆனால் அந்தக் கோபத்தை வலியில் இருக்கும் பெண்ணின் தலையில் இறக்கக் கூடாது.

இனப்பெருக்க நலம் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போனது பின்னால்தான். சிறுநீர் வரும் வழி வேறு, குழந்தை வரும் வழி வேறு என்பதை எட்டாம் மாதத்தில் என்னிடம் தெரிந்துகொண்ட பெண்கள் உண்டு, அதில் பட்டதாரிகளும் உண்டு. நம் ஊரில் பெண் வயதுக்கு வந்ததும் தெரட்டிச் சீர் எவ்வளவு விமரிசையாகச் செய்கிறோம்! பச்சை ஓலைக் குடிசை, மாமன் சீர், ஊருக்கே விருந்து. அந்த ரத்தம் எங்கிருந்து, எதற்கு வந்தது என்று பிள்ளையிடம் சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. அதனால் பள்ளிகளுக்கும் மில் ஹாஸ்டல்களுக்கும் போகிறேன். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் துணியில் கருப்பை, சினைக்குழாய் எல்லாம் தைத்து வைத்திருக்கிறேன். கருப்பை வாய்க்கு டி-சர்ட் கழுத்தில் வைக்கும் ரிப் துணி. உள்ளே ஒரு பந்தைப் போட்டுத் தள்ளினால், பிரசவத்தில் விரிவதுபோலவே மெல்ல மெல்ல விரிந்து பத்து சென்டிமீட்டருக்கு வருவதைப் பிள்ளைகள் கையாலேயே தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அதே துணியை வைத்து, கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய்வீடு வரும் பெண்களுக்கும், உள்ளே துணைக்குப் போகப்போகும் அவர்கள் அம்மாவுக்கும் வகுப்பு எடுக்கிறேன். அம்மாக்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

இந்தியாவில் டூலாவுக்கு அரசுப் பதிவு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் விற்கலாம், பார்த்துச் சேருங்கள். வருமானம் மாதாமாதம் வராது. ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும், அந்த நேரத்தில் உங்கள் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பணம் கட்டும் முன் சொந்தத்தில் யாருக்காவது பிரசவம் என்றால் துணைக்கு நான் வருகிறேன் என்று கேட்டுப் போங்கள். பத்து மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே வந்ததும் மறுபடி போகத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள், எந்த வகுப்பில் சேரலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.